ஒரு சோறு பதம் பார்த்து இருபது மாட்யூல் செய்த கதை

பிப்ரவரி 9, கேள்வி

டாட் போர்டில் (துளைகள் நிறைந்த பலகையில் கையால் ஈயம் வைத்து) சிந்தசைசருக்கான ஒரு ஆசிலேட்டர் மாட்யூல், அதாவது ஸ்வரத்தை உண்டாக்கும் பகுதி, கட்டி முடித்தேன். ஐந்து ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) சுருதி பிசகாமல் நிற்கிறது. இரண்டு மாதமாகத் தினமும் வாசிக்கிறேன், ஒரு குறையும் இல்லை. கேட்டவர்கள் எல்லாம் எனக்கும் ஒன்று வேண்டும் என்கிறார்கள். 25 பிசிபி (அச்சிட்ட மின்சுற்றுப் பலகை) அடித்து, பாகங்களை மொத்தமாக வாங்கி, ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்றிருக்கிறேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே? கூடாது என்று நினைப்பவர்கள் ஏன் என்று சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு, பதில்

கூடாது. இதே கணக்கைப் போட்டுத்தான் நானும் முதல் ஈட்டில் 20 இறக்கினேன். பவர் கொடுத்ததும் ஒழுங்காகப் பாடியவை 11. இரண்டு ஊமை. ஒன்று புகைந்தது. மீதி ஆறில் ஆக்டேவ் டிரிம்மர் (ஆக்டேவின் அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகு ரெசிஸ்டர்) ஓரத்தில் போய் முட்டிக்கொண்டது. திருகும் மட்டும் திருகியும் வோல்ட்டுக்கு ஒரு ஆக்டேவ் வரவில்லை. டெம்ப்கோ ரெசிஸ்டரின் (சூட்டுக்கு ஏற்ப மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) டாலரன்ஸ், அதாவது மதிப்பு பிசகக்கூடிய அளவு, 5 சதவீதம், அதனால்தான் என்று முடிவு கட்டினேன். டிரிம்மருக்கு முன்னால் 95.3 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் இருந்த இடத்தில் அந்த ஆறுக்கு மட்டும் 91 கே போட்டுச் சமாளித்தேன்.

டாட் போர்டில் இருப்பது நீங்கள் சீராட்டி வளர்த்த பிள்ளை. எங்காவது கொஞ்சம் முரண்டு பிடித்தால் உடனே ஒரு ரெசிஸ்டரை மாற்றியிருப்பீர்கள், ஒரு கம்பியை நகர்த்தியிருப்பீர்கள். அதெல்லாம் உங்கள் கைக்குத் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது. பிசிபி வரைபடத்தை மட்டும்தான் கேட்கும்.

பிப்ரவரி 10

"25 வேண்டாம் என்றால் எத்தனை?" ஐந்து. பலகையில் பிழை இருந்தால் ஐந்து தடவை தடத்தை வெட்டி, ஐந்து தடவை கம்பி இழுத்தால் போதும். 20 தடவை செய்தவன் சொல்கிறேன். பதினெட்டாவது பலகையில் கை நடுங்கி, பக்கத்துத் தடத்தையும் சேர்த்து வெட்டினேன்.

பிப்ரவரி 12

பாகத்தை மாற்றுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வரைந்தபோது பிசி547 என்று வரைந்தேன். வாங்கப் போனபோது அது பாதிதான் கிடைத்தது. 2என்3904 கையில் இருந்தது. இரண்டும் என்பிஎன், இரண்டும் அதே கறுப்புப் பிளாஸ்டிக் உடம்பு, இந்த வேலைக்கு எது போட்டாலும் ஒன்றுதான். ஆனால் கால்கள்? தட்டையான முகத்தை நம் பக்கம் திருப்பி, கால்களைக் கீழே வைத்துப் பார்த்தால், பிசி547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு எமிட்டர், பேஸ், கலெக்டர். நேர் எதிர்.

எட்டு பலகைகளில் சிங்க் உள்ளீட்டில் (ஒரு ஆசிலேட்டரை இன்னொன்றின் சுற்றோடு பூட்டும் உள்ளீடு) இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். முழுதாகச் செத்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன். கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறினாலும் டிரான்சிஸ்டர் ஒப்புக்கு வேலை செய்யும், பெருக்கும் திறன் மட்டும் படு சோனியாக இருக்கும். என் மேஜையில் 10 வோல்ட் துடிப்பு கொடுத்தேன், சிங்க் ஆனது. வாங்கியவர் 5 வோல்ட் கொடுத்தார், ஆகவில்லை. "உங்களுக்கு ஆகிறது, எனக்கு ஆகவில்லை" என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டிருந்தோம். அவர் கேபிளைச் சந்தேகப்பட்டார், நான் அவரையே சந்தேகப்பட்டேன்.

தீர்வு சுலபம், டிரான்சிஸ்டரைக் கழற்றி அரைச் சுற்று திருப்பிப் போடுவது. கழற்றும்போது இரண்டு பலகைகளில் செம்புத் திட்டு உரிந்து வந்தது, அது வேறு கதை.

பிப்ரவரி 12, கொஞ்சம் கழித்து

எட்டு இல்லை, ஒன்பது. நான் எனக்கென்று வைத்துக்கொண்டதை இப்போதுதான் திறந்து பார்த்தேன்.

பிப்ரவரி 13

இதே ரகத்தில் இன்னொன்று. பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் உள்ள எழுத்து. இப்போது வருபவற்றில் ஏ என்றால் லாக், பி என்றால் லீனியர். பழைய ஐரோப்பியப் பாகங்களில் ஏ தான் லீனியர். பழைய கட்டுரையைப் பார்த்து ஆர்டர் போட்டால், நுண்சுருதிக் குமிழ் முக்கால் சுற்று வரை தூங்கும், கடைசிக் கால் சுற்றில் பாயும். எழுத்தை நம்பாதீர்கள். குமிழை நடுவில் நிறுத்தி மல்டிமீட்டர் வைத்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 15

ஐந்து ஆக்டேவ் "பிசகாமல் நிற்கிறது" என்பதற்கு வருகிறேன். எந்த வெப்பநிலையில்?

அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், புதியவர்களும் படிக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் 1 வோல்ட்டைச் சுமார் 18 மில்லிவோல்ட்டாகச் சுருக்கித்தான் டிரான்சிஸ்டரின் பேஸில் கொடுக்கிறோம். 18 மில்லிவோல்ட் ஏறினால் அதில் ஓடும் மின்னோட்டம் இரட்டிக்கும், சுருதி ஓர் ஆக்டேவ் ஏறும். ஆனால் அதே டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் தானாகவே நகரும். 18-க்கு 2 என்றால் ஒரு செமிடோனை (ஆக்டேவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) தாண்டிவிட்டது. அறைக்குள் ஒருவர் வந்து நின்றாலே ஸ்வரம் மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் இரட்டை டிரான்சிஸ்டர். ஒன்று நகர்வதை மற்றது கழித்துவிடும். கழித்த பிறகும் ஒரு பாக்கி உண்டு. அந்த 18 என்ற அளவே டிகிரிக்குச் சுமார் 0.33 சதவீதம் மாறும். தொடங்கிய சுருதிக்குப் பக்கத்தில் இது தெரியாது. நான்கு ஆக்டேவ் மேலே போனால் ஒரு டிகிரிக்கு 16 செண்ட் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு 1 செண்ட்). டிகிரிக்கு 3300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3300 பங்கு) ஏறும் டெம்ப்கோ ரெசிஸ்டர் இந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான்.

என் மாட்யூல்களில் இதெல்லாம் இருந்தது. இருந்தும் மின்விசிறியைப் போட்டால் சுருதி ஓடியது. ஜோடி சரியாகப் பொருந்தவில்லை என்று நினைத்து, 200 டிரான்சிஸ்டர் வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து ஜோடி சேர்த்தேன். மூன்று இரவு. அதனால் நான் சொல்வது, டிரான்சிஸ்டரைப் பொருத்திப் பார்க்காமல் 25 செய்யாதீர்கள்.

பிப்ரவரி 16

மின்விசிறியை நிறுத்திவிட்டு வாசிக்கச் சொல்லலாமே என்ற யோசனைக்கு நன்றி. கையேட்டின் முதல் வரியாகவே போட்டுவிடுகிறேன்.

பிப்ரவரி 19

15-ஆம் தேதி எழுதியதன் கடைசி வரியை எடுத்துக்கொள்கிறேன். அதை எழுதிய பிறகு பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். 200 டிரான்சிஸ்டர் அளந்த பிறகும் ஓட்டம் குறையவே இல்லை என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. மனசு எப்படி மறக்கிறது பாருங்கள். மூன்று இரவு செலவழித்ததால் பலன் இருந்திருக்கும் என்று நானே நம்பிக்கொண்டேன்.

இரண்டு டிரான்சிஸ்டருக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் என்ன ஆகும்? தொடக்கச் சுருதி கொஞ்சம் தள்ளி நிற்கும், அவ்வளவுதான். அதைச் சுருதிக் குமிழே சரிசெய்துவிடும். அவை ஒரே சூட்டில் இருக்கின்றனவா என்பதுதான் விஷயம். என் பலகையில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன, ஒட்டி இல்லை. டெம்ப்கோ ரெசிஸ்டரோ ஒரு சென்டிமீட்டர் தள்ளி, தனியாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. மூன்றையும் முதுகோடு முதுகாக ஒட்டி, வெப்பப் பசை தடவி, சுருங்கும் குழாயைப் போர்த்தினேன். மின்விசிறிக்கு அசையாமல் நின்றது. ஒரு மாட்யூலுக்கு ஐந்து நிமிட வேலை.

அளந்த விதமே தவறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிரான்சிஸ்டரை விரலால் பிடித்து சாக்கெட்டில் செருகினேன். விரல் சூடு இரண்டு டிகிரி ஏற்றினால் 4 மில்லிவோல்ட் போச்சு. நான் தேடியதோ 1 மில்லிவோல்ட் பொருத்தம். மூன்று இரவும் என் விரல் சூட்டைத்தான் அளந்துகொண்டிருந்தேன். அளக்கத்தான் வேண்டும் என்பவர்கள் சாமணத்தால் பிடித்து, செருகிவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

ஒரே சில்லுக்குள் பல டிரான்சிஸ்டர் உள்ள அடுக்கு கிடைத்தால் இன்னும் நல்லது, சூடு தானாகவே ஒன்றாக இருக்கும். மிச்சமிருக்கும் டிரான்சிஸ்டரை அடுப்பாக்கிச் சில்லை ஒரே சூட்டில் வைத்திருக்கும் வித்தைக்காரர்களும் உண்டு. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

பிப்ரவரி 27

ஒட்டிய பிறகும் மூன்று மட்டும் அடங்கவில்லை. அந்த மூன்றின் கதை.

வாள்பல் அலையை (சரிவாக ஏறிச் சட்டென்று விழும் அலை) உண்டாக்கும் கெபாசிட்டர் 1 நானோஃபாரட். டாட் போர்டில் பிலிம் கெபாசிட்டர் இருந்தது. பிசிபியில் இடம் மிச்சம் பிடிக்க, மேலொட்டும் செராமிக் போட்டேன், நல்ல சி0ஜி வகைதான். அதில் மாற்றம் டிகிரிக்கு 30 பிபிஎம்முக்குள். பத்து டிகிரி ஏறினாலும் அரை செண்ட்தான். எல்லாம் சரி. 17 பலகை முடிந்ததும் அந்தப் பாகங்கள் வரும் நாடா தீர்ந்துவிட்டது. டப்பாவில் இன்னொரு 1 நானோஃபாரட் துண்டு நாடா கிடந்தது. அதைப் போட்டு மூன்றையும் முடித்தேன்.

அது எக்ஸ்7ஆர். மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற இடத்தில் அருமையான பாகம், காலம் அளக்கிற இடத்தில் ஆகாது. வெப்பத்துக்கு மாறும், மேலே விழும் வோல்ட்டேஜுக்கும் மாறும். 1 சதவீதம் மாறினாலே 17 செண்ட். ஆசிலோஸ்கோப்பில் உற்றுப் பார்த்தால் வாள்பல்லின் சரிவு நேராக இல்லாமல் லேசாக வளைந்திருந்தது. அந்த வளைவை இரண்டு மாதம் முன்பே பார்த்தேன், பார்த்தும் "அழகாக இருக்கிறது" என்று விட்டேன்.

கேவலம் என்னவென்றால், இந்தச் செராமிக் துண்டுகளின் உடம்பில் எதுவும் எழுதியிருக்காது. பலகையில் ஏறிவிட்டால் எது சி0ஜி, எது எக்ஸ்7ஆர் என்று கண்ணால் சொல்ல முடியாது. நாடாவில் மட்டுமே பெயர். நாடாவைக் கத்தரித்த உடனே துண்டிலும் எழுதிவிடுங்கள்.

மார்ச் 2

புகைந்த அந்த ஒன்று என்ன ஆனது என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். யூரோரேக்கில் (இந்த மாட்யூல்களை வரிசையாக மாட்டும் சட்ட முறை) பவர் கொடுக்கும் ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம். யூரோரேக்கை உருவாக்கிய டீட்டர் டோப்ஃபர் 1990-களின் நடுவில் தொடங்கிவைத்த வழக்கம் இன்றும் அப்படியே ஓடுகிறது. வெறும் ஊசிகள் இருந்தால் திருப்பிச் செருகிவிடலாம். அதனால் திருப்பிச் செருகவே முடியாதபடி ஒரு பக்கம் பள்ளம் உள்ள பெட்டி ஊசியை வாங்கிப் போட்டேன்.

ஒரு பலகையில் அந்தப் பெட்டியையே திருப்பிப் போட்டு ஈயம் வைத்துவிட்டேன். இப்போது சரியாகச் செருக முடியாது, தப்பாக மட்டுமே செருக முடியும். ஆப்-ஆம்ப் (பெருக்கிச் சில்லு) இரண்டும் போயின, எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் ஒன்று வீங்கியது. வாசனை இரண்டு நாள் இருந்தது.

மார்ச் 3

"டயோடு போட்டால் முடிந்தது, இதற்கு ஏன் இவ்வளவு?" என்ற பதிலுக்கு. போட்டேன், இரண்டாம் ஈட்டில். பிளஸ், மைனஸ் இரண்டு வழியிலும் ஒவ்வொரு ஷாட்கி டயோடு, 1என்5817. தலைகீழாகச் செருகினால் ஒன்றும் ஆகாது. சரியாகச் செருகினால் 0.3 வோல்ட் மட்டும் போகும். அதனால் என்ன என்று நினைத்தேன்.

சுருதிக் குமிழின் வோல்ட்டேஜை நேரே அந்த 12 வோல்ட் பவர் வழியிலிருந்து எடுத்திருந்தேன். டயோடில் விழும் 0.3 நிலையான 0.3 இல்லை, ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும். முகப்பில் ஒரு எல்ஈடி, மெதுவான அலையில் சிமிட்டுவதற்கு. அது எரியும்போதெல்லாம் சுருதி மூன்று நான்கு செண்ட் இறங்கியது. ஒரே ஆசிலேட்டரைக் கேட்டால் தெரியாது. இரண்டை ஒரே ஸ்வரத்தில் வைத்தால் எல்ஈடியின் தாளத்துக்கு அலையும். நன்றாக இருக்கிறது, இதை ஒரு வசதி என்று விளம்பரப்படுத்துங்கள் என்றார் ஒரு நண்பர். அரை மனதோடு யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எல்எம்4040 என்ற ரெஃபரன்ஸ் சில்லின் 10 வோல்ட் வகையைப் போட்டு, குமிழை அதிலிருந்து எடுத்ததும் சரியாகிவிட்டது. உங்கள் டாட் போர்டில் டயோடு இருக்கிறதா? குமிழ் எதிலிருந்து எடுக்கிறது?

மார்ச் 8

நேரக் கணக்கு. ஈயம் வைப்பதற்கு ஆகும் நேரத்தைத்தான் எல்லோரும் கணக்கிடுகிறார்கள். என்னைக் கவிழ்த்தது சுருதி சேர்ப்பது. அரை மணி சூடாக விட வேண்டும். பிறகு ஆக்டேவ் டிரிம்மரைத் திருகினால் தொடக்கச் சுருதி நகரும், அதைச் சரிசெய்தால் மறுபடி ஆக்டேவைப் பார்க்க வேண்டும். நான்கைந்து சுற்று. ஒரு மாட்யூலுக்கு 25 நிமிடம், ஒரு தும்மல் வந்தால் 30. இருபதுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். அதுவும் காது ஒரே ஸ்வரத்தைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போகும், கருவியை நம்ப வேண்டியதுதான்.

மேல் ஆக்டேவ் எப்போதும் தட்டையாக விழும், தெரியுமில்லையா? வாள்பல் உச்சிக்குப் போய்க் கீழே விழுவதற்கு ஒரு நேரம் ஆகும். அது 1 மைக்ரோசெகண்ட் என்று வையுங்கள். 5 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 200 மைக்ரோசெகண்ட். அரை சதவீதம் போச்சு, கிட்டத்தட்ட 9 செண்ட். கெபாசிட்டரோடு ஒரு சின்ன ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டால் அந்த நேரம் ஈடாகிவிடும். டாட் போர்டில் காதால் கேட்டுக் கேட்டு அந்த மதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். அது அந்த ஒரு டிரான்சிஸ்டருக்கான மதிப்பு. இருபதுக்கும் அதையே போட்டபோது சில மேலே ஏறின, சில கீழே இறங்கின. இரண்டாம் ஈட்டில் அங்கேயும் ஒரு டிரிம்மர். 25 நிமிடம் 35 ஆனது.

மார்ச் 11

முகப்புத் தகடு. அகலத்தை அளக்கும் அலகான 1 எச்பி என்பது 5.08 மில்லிமீட்டர். 10 எச்பி என்றால் 50.8, பெருக்கல் சரிதான். அதே அளவுக்கு வெட்டச் சொன்னேன். ஒரு மாட்யூல் தனியாகப் பொருந்தும். பக்கத்தில் இன்னொன்று வந்தால் உட்காராது. அகலத்தைக் கொஞ்சம் குறைத்து 50.5 என்று வைப்பது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. 20 தகட்டையும் அரம் வைத்து ராவினேன். கறுப்புப் பூச்சு ஓரத்தில் போய், அலுமினியம் பளபளத்தது. வாங்கியவர்களில் ஒருவர் மட்டும் "அந்த வெள்ளிக் கோடு அழகு" என்றார். அவர் வாழ்க.

மார்ச் 14

"முகப்பில் உள்ள எல்லா வெளியீட்டுக்கும் 1 கே ரெசிஸ்டர் போட வேண்டுமா?" போடுங்கள், ஜாக் ஷார்ட் ஆனாலும் ஆப்-ஆம்ப் பிழைக்கும். ஆனால் சுருதி வோல்ட்டேஜ் போகும் வெளியீட்டில் அந்த 1 கே-யை ஃபீட்பேக் வளையத்துக்குள் (ஆப்-ஆம்ப் தன் வெளியீட்டைத் தானே பார்த்துச் சரிசெய்யும் பாதை) வையுங்கள். வெளியே வைத்தால், எதிரில் உள்ள 100 கே உள்ளீட்டோடு சேர்ந்து 1 சதவீதம் பிடுங்கிக்கொள்ளும். ஆக்டேவுக்கு 12 செண்ட் குறைவு. இரண்டு ஆசிலேட்டருக்குப் பிரித்துக் கொடுத்தால் 23 செண்டுக்கு மேல். "உங்கள் ஆசிலேட்டர் சரியில்லை" என்று வந்த புகார்களில் இரண்டு, வோல்ட்டேஜை அனுப்பிய மாட்யூலின் குற்றம். அந்த இரண்டில் ஒன்று நான் செய்த மாட்யூல்.

மார்ச் 17

வேறு பக்கம் போகிறேன், கேட்டதால். ஃபிளக்ஸை (ஈயம் பிடிக்க உதவும் பசை, வேலை முடிந்ததும் பிசுக்காக நிற்பது) கழுவ வேண்டுமா? ஆசிலேட்டரில் அதனால் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடுத்து செய்த சாம்பிள் அண்ட் ஹோல்டில்தான் (ஒரு வோல்ட்டேஜைக் கெபாசிட்டரில் பிடித்து வைத்திருக்கும் மாட்யூல்) பாடம் கிடைத்தது. 1 நானோஃபாரட் கெபாசிட்டரிலிருந்து 1 நானோ ஆம்பியர் கசிந்தால் நொடிக்கு 1 வோல்ட் இறங்கும். ஒரு செமிடோன் 83 மில்லிவோல்ட், அதாவது 83 மில்லிசெகண்டில் பிடித்த ஸ்வரம் கை நழுவி அடுத்த ஸ்வரத்தில் நிற்கும். 1 நானோ ஆம்பியர் கசிய ஈயம் வைத்த பிசுக்கு போதும். கெபாசிட்டரைச் சுற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

மார்ச் 18

"கழுவிய பிறகு இன்னும் வேகமாக இறங்குகிறது" என்கிறீர்கள். ஆமாம், எனக்கும் அப்படித்தான் ஆனது, சொல்ல விட்டுவிட்டேன். கொஞ்சம் ஆல்கஹால் விட்டுத் தேய்த்தால் ஒரு மூலையில் கிடந்த பிசுக்கைப் பலகை முழுக்கப் பூசுகிறோம். பலகையைச் சாய்த்துப் பிடித்து, அழுக்கு வழிந்து வெளியே போகும் அளவுக்கு ஊற்ற வேண்டும். பிறகு நன்றாகக் காயவிட வேண்டும்.

மார்ச் 24

மனம் தளர்ந்து எழுதியவருக்கு. 1978-இல் வந்த பிராஃபெட்-5 சிந்தசைசர் முதலில் எஸ்எஸ்எம் நிறுவனச் சில்லுகளோடு வந்தது. சுருதி நிற்பதும் நம்பகமும் தலைவலியாகி, 1980-இல் வந்த மூன்றாம் வடிவத்தில் சில்லு வடிவமைப்பாளர் டக் கர்ட்டிஸின் சில்லுகளுக்கு மாறினார்கள். ஆலை வைத்துச் செய்தவர்களே பலகையைத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். அந்தச் சில்லு வரிசையைச் சேர்ந்த சிஇஎம்3340-இல் வெப்ப ஈடு உள்ளேயே இருக்கிறது. அதைப் போட்டால் நான் மேலே புலம்பியதில் பாதி கிடையாது. பிறகு ஏன் தனி டிரான்சிஸ்டரில் கட்டுகிறேன்? பிடிவாதம்தான், வேறு காரணம் சொன்னால் பொய்.

அந்தப் பழைய இசைக்கருவிகள் லேசாக ஓடுவதைத்தான் இன்று தேடிப் போகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மைதான். ஐந்து குரல் ஒன்றுக்கொன்று இரண்டு செண்ட் விலகினால் இனிமை. ஒரே குரல் பாட்டின் நடுவில் 40 செண்ட் விலகினால் அதை யாரும் தேடி வரமாட்டார்கள்.

ஏப்ரல் 5

இந்த இழையையே திருத்த வேண்டியிருக்கிறது.

மூன்றாம் ஈட்டுக்கு முன்னால் பழைய டாட் போர்டை எடுத்தேன். எல்லாம் கற்றுக்கொண்டாயிற்று, அந்த மூல மாட்யூலை ஒருமுறை ஒழுங்காக அளப்போம் என்று. பல வருடமாக அதுதான் என் பதம் பார்த்த சோறு. இருபதும் அதைப் போல வரவில்லையே என்றுதான் இத்தனை நாள் புலம்பல்.

முதலில், அதுவும் ஓடுகிறது. மின்விசிறிக்கு மற்றவை ஓடிய அளவுக்கே ஓடுகிறது. நான் அதை எப்போதும் மூடிய பெட்டிக்குள் வைத்து, ஒரு மணி நேரம் சூடான பிறகே வாசித்திருக்கிறேன். அது நிலையாக நின்றது பெட்டியின் புண்ணியம். இருபதையோ மேஜையில் திறந்து போட்டுச் சோதித்தேன்.

அடுத்து அதைத் திருப்பினேன். பின்பக்கம், ஈயக் குவியலுக்கு நடுவில், ஒரு 2.2 மெக் (மெகா ஓம்) ரெசிஸ்டர். ஆக்டேவ் டிரிம்மர் இருக்கும் 100 கே பாதையின் குறுக்கே, அவசரத்தில் ஒட்டியது. ஒட்டியது நான்தான், வேறு யார். எப்போது என்று நினைவே இல்லை. வரைபடத்தில் இல்லை, குறிப்பேட்டில் இல்லை. 100 கே-யோடு 2.2 மெக் இணைந்தால் 95.7 கே. நான்கு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம்.

முதல் நாள் இரவு எழுதியதைப் பாருங்கள். ஆறில் டிரிம்மர் ஓரத்தில் முட்டியது, டெம்ப்கோவின் டாலரன்ஸ் காரணம் என்று தெனாவட்டாக எழுதியிருக்கிறேன். இப்போது எஞ்சிய பதினான்கின் குறிப்பையும் எடுத்துப் பார்த்தேன். முட்டவில்லை, ஆனால் டிரிம்மர் அத்தனையும் அதே பக்கத்து ஓரத்தில். ஒன்றுகூட நடுவில் இல்லை. டாலரன்ஸ் மட்டும் காரணமாக இருந்தால் பாதி அந்தப் பக்கம் போயிருக்க வேண்டாமா? அது அப்போதே கண் முன்னால் இருந்தது. கைக்குத் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது என்று உங்களுக்கு வேறு உபதேசம் செய்திருக்கிறேன்.

91 கே-யை இனி எல்லாவற்றுக்கும் போடுகிறேன். 25 வேண்டும் என்ற நண்பர் எங்கே? ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் டாட் போர்டைத் திருப்பிப் பாருங்கள்.

ஏப்ரல் 6, கேள்வி கேட்டவர்

திருப்பிப் பார்த்தேன். இரண்டு இருக்கின்றன. ஒன்று எதற்கு என்று தெரிகிறது.